கணவாய் யார் கையில்? தொழில்நுட்பக் கொள்கைகளும் உலக வல்லரசுப் போட்டியும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும்போது ஆரல்வாய்மொழியில் காற்று முகத்தில் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சற்று விலகி வழிவிடுகிறது. அந்த இடைவெளிதான் ஆரல்வாய்மொழி கணவாய். முப்பந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் கணவாயால்தான்.

திருவிதாங்கூர் மன்னர்கள் இந்த இடத்தின் மதிப்பை அறிந்து, மதில் எழுப்பிக் காவல் வைத்தார்கள். 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, பிரிட்டிஷ் படை ஆரல்வாய்மொழி அரண்களைக் கைப்பற்றியது. கணவாய் போனதும் நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பரந்த நாட்டைக் காக்க ஒரு குறுகலான வாசல் போதும். அந்த வாசலை இழந்தால் பரந்த நாடும் போய்விடும்.

இன்று உலக வல்லரசுகள் சண்டையிடுவதும் இப்படிப்பட்ட கணவாய்களுக்காகவே. இவை நிலத்தில் இல்லை, தொழில்நுட்பத்தில் இருக்கின்றன. ஓர் இயந்திரம், ஒரு தாது, ஒரு சிப், அதைச் செய்யும் அறிவு ஆகியவற்றை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று அரசுகள் சட்டம் போட்டுத் தீர்மானிக்கின்றன. செய்தித்தாளில் 'ஏற்றுமதிக் கட்டுப்பாடு' என்று வருவது இதுதான்.

இது நமக்குத் தொடர்பில்லாத டெல்லி, வாஷிங்டன், பெய்ஜிங் விவகாரம் அல்ல. ஆரல்வாய்மொழியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள், தென்மேற்கே மணவாளக்குறிச்சி மணல் ஆலை இருக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. இவ்விரண்டின் வரலாற்றையும் அறிந்தால் உலகப் போட்டி நமக்குப் புரியும்.

கயிற்றில் ஒட்டிய மணல்

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. மோனசைட்டிலிருந்து எடுக்கப்படும் தோரியம்தான் அன்றைய கேஸ் விளக்குகளின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் அந்த வெளிச்சத்தில்தான் இரவைக் கழித்தன. ஷோம்பெர்க் மணலைத் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியர் வெளியேற்றப்பட, மணல் பிரிட்டிஷார் கைக்குப் போனது.

மணல் எடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆனால் அதன் விலையையும் அது போகும் திசையையும் தீர்மானித்தவர்கள் ஐரோப்பியர்கள். காரணம், மணலைப் பிரித்துத் தோரியம் எடுக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியா ஒரு கொள்கை முடிவு எடுத்தது. மோனசைட்டைக் கச்சாப் பொருளாக வெளியே அனுப்பக் கூடாது, இங்கேயே பிரித்தெடுக்க வேண்டும் என்பது அது. 1950இல் இந்திய அரிய மண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் கேரளத்தின் ஆலுவாயில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கான தொழில்நுட்பத்தை ஒரு பிரெஞ்சு நிறுவனம் வழங்கியது.

அந்த முடிவு உடனே சோதனைக்கு உள்ளானது. 1951இல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டோம். 190 மில்லியன் டாலர் கடன் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, கோதுமை வேண்டுமென்றால் மோனசைட் தடையை நீக்கட்டும் என்று சில உறுப்பினர்கள் பேசினர். தோரியம் அணுசக்தியோடு தொடர்புடையது என்பதால் வந்த அக்கறை அது. பசித்த நாட்டின் முன் தட்டையும் கணக்கையும் ஒன்றாக வைத்தார்கள். நேரு அந்த நிபந்தனைக்கு இணங்கவில்லை.

1953இல் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. ஆலுவாயில் தயாரான சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட்டை இந்தியா சீனாவுக்கு விற்றது. அது ஒரு போலந்துக் கப்பலில் போனது. கம்யூனிச நாடுகளுக்கு இத்தகைய பொருளை விற்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் அப்போது சட்டம் இருந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகே அந்த நெருக்கடி தீர்ந்தது.

ஒரு டன் பொருள் இரண்டு அரசுகளின் உறவை உலுக்கியது. அன்று அந்தப் பொருளைச் செய்து கொடுக்கும் இடத்தில் இந்தியா இருந்தது, வாங்கும் இடத்தில் சீனா இருந்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இடங்கள் மாறிவிட்டன.

சீனா எப்படி வாசலைப் பிடித்தது?

அரிய மண் தனிமங்கள் மொத்தம் 17. பெயர் 'அரிய' என்றாலும் பூமியில் அவை அவ்வளவு அரிதல்ல. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிப்பதுதான் கடினம். நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் காந்தம் சிறியது. ஆனால் மிக வலிமையானது. மின்சார வாகனத்தின் மோட்டார், புதிய வகைக் காற்றாலைகள், ஏவுகணை, கைப்பேசியின் ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியரும் அமெரிக்கரும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கென்று மேக்னிக்வெஞ்ச் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. 1995இல் அது சீனத் தொடர்புள்ள குழுவுக்கு விற்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவிலிருந்த அதன் ஆலைகள் மூடப்பட்டன. கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமும் 2002இல் நின்றது. மலிவாகக் கிடைக்கும் பொருளை நாமே ஏன் செய்ய வேண்டும் என்று அமெரிக்க வணிகர்கள் நினைத்தார்கள். மத்தியக் கிழக்குக்கு எண்ணெய் எப்படியோ, தனக்கு இந்தத் தனிமங்கள் அப்படி என்று சீனா நினைத்தது. மாசையும் செலவையும் பொறுத்துக்கொண்டு, பல்லாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்து, பிரித்தெடுக்கும் வேலையைத் தன்னிடம் குவித்தது. இன்று உலகில் இத்தனிமங்களைச் சுத்திகரிக்கும் வேலையில் சுமார் 90 விழுக்காடு சீனாவில் நடக்கிறது.

2025 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் வரி உயர்வுக்குப் பதிலடியாக, ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சண்டை அமெரிக்காவோடுதான். ஆனால் அடி எல்லோர் மீதும் விழுந்தது. ஜப்பானில் சுசுகி நிறுவனம் ஒரு கார் வகையின் உற்பத்தியைச் சில நாள் நிறுத்தியது. இந்தியாவின் மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்களும் உற்பத்தி குறையும் என்று எச்சரித்தன.

இந்தியாவிடம் மணல் இல்லையா? இருக்கிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் கணக்குப்படி, சுமார் 69 லட்சம் டன் அரிய மண் இருப்புடன் உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கிறோம். ஆனால் 2024இல் நாம் எடுத்தது சுமார் 2,900 டன்தான். இங்குள்ள மணலில் இருப்பவை பெரும்பாலும் இலேசான வகைகள். காந்தம் வெப்பத்தைத் தாங்க உதவும் டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான வகைகள் இங்கு மிகக் குறைவு. இதையெல்லாம் விடப் பெரிய குறை, தனிமத்தைக் காந்தமாக்கும் ஆலைகள் நம்மிடம் இல்லாதது. 2023இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிவைக்கப்பட்ட காந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ மட்டுமே. 2025 நவம்பரில்தான் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மணல் வைத்திருப்பவன் வல்லவன் ஆவதில்லை. மணலைக் காந்தமாக்கத் தெரிந்தவனே வல்லவன். 1909இலும் இதுதான் நிலைமை, 2025இலும் இதுதான்.

மலைக்கு அந்தப்பக்கம்

மணவாளக்குறிச்சி கதை நம் கையிலிருந்து நழுவியதைச் சொல்கிறது. மறுக்கப்பட்டதை நாம் எட்டிப் பிடித்த கதை மகேந்திரகிரியில் இருக்கிறது.

கனமான செயற்கைக்கோளை உயரத்துக்குக் கொண்டுபோகக் கிரையோஜெனிக் என்ஜின் வேண்டும். அதன் எரிபொருளான ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியிலும், ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியிலும் திரவமாக வைத்திருந்து எரிக்க வேண்டும். உறைபனியையும் பெருநெருப்பையும் ஒரே குழாயில் ஆளும் வித்தை இது.

1991 ஜனவரியில் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. என்ஜினோடு அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் தருவதாகப் பேச்சு. இது ஏவுகணை தொழில்நுட்பப் பரவல் தடை ஏற்பாட்டுக்கு எதிரானது என்று சொல்லி, 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் அமெரிக்கா இரண்டாண்டுத் தடை விதித்தது. ஆனால் கிரையோஜெனிக் எரிபொருளை நிரப்பி நாள்கணக்கில் காத்திருக்க வைக்க முடியாது. எந்த நேரமும் பாயத் தயாராக இருக்க வேண்டிய ஏவுகணைக்கு அது பொருந்தாது. இந்தியா இதைச் சொல்லியும் பயனில்லை. சோவியத் கலைந்து பொருளாதாரம் தளர்ந்திருந்த ரஷ்யா 1993இல் பின்வாங்கியது. முடிவில் ஏழு என்ஜின்கள் கிடைத்தன, தொழில்நுட்பம் கிடைக்கவில்லை. மீனைக் கொடுத்தார்கள், வலையைக் கொடுக்கவில்லை.

பிறகு நடந்தது பொறுமையின் வரலாறு. மகேந்திரகிரியின் சோதனை மேடைகளில் ஆண்டுக்கணக்கில் என்ஜின்கள் எரிந்தன, பழுதாயின, திருத்தப்பட்டன. 2007 நவம்பரில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் அடுக்கு 720 விநாடிகள் முழுமையாக எரிந்து சோதனையில் வென்றது. ஆனாலும் 2010 ஏப்ரல் 15இல் அதைச் சுமந்த முதல் ராக்கெட் தோற்றது. 2014 ஜனவரி 5இல் வென்றது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து 23 ஆண்டுகள். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3ஐச் சுமந்த ராக்கெட்டிலும் உள்நாட்டுக் கிரையோஜெனிக் என்ஜின்தான் இருந்தது.

2025 ஜூலை 30இல் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அதைச் சுமந்ததும் அதே கிரையோஜெனிக் அடுக்குதான். எந்த வித்தை இந்தியாவுக்குக் கூடாது என்று அமெரிக்கா 1992இல் சொன்னதோ, அதே வித்தையில்தான் அமெரிக்காவின் கருவியும் பயணம் செய்தது.

அந்த வித்தையில் வாழ்நாளைக் கழித்தவர்களில் ஒருவரான வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார். குமரி மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த அவர் தமிழ்வழியில் படித்தவர். பிறகு கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

சிப்களின் காலம்

இன்றைய மிகப் பெரிய கணவாய் சிப். செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான உயர்ரகச் சிப்களை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள். தயாரிப்பது தைவான். அதற்கு வேண்டிய அதிநுட்ப ஒளி அச்சு இயந்திரத்தைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே நிறுவனம். 2022 அக்டோபர் 7இல் அமெரிக்கா இந்தச் சிப்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகாதபடி விதிகளை அறிவித்தது. பதிலுக்குச் சீனா, சிப் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் ஆகிய உலோகங்களுக்கு 2023இல் உரிமம் கட்டாயமாக்கியது. ஒருவர் ஒரு வாசலை அடைத்தால் மற்றவர் வேறொரு வாசலை அடைக்கிறார்.

நம் உறவினர்கள் வாழும் நாடுகளும் இந்தச் சண்டையின் நடுவில் நிற்கின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளியிட்ட ஒரு விதி உலக நாடுகளை மூன்று வரிசையாகப் பிரித்தது. இந்தியா, சவூதி, அமீரகம், மலேசியா எல்லாம் நடு வரிசையில் நின்றன. நான்கே மாதத்தில் அந்த விதி கைவிடப்பட்டது. எனினும் பெட்ரோல் செல்வம் எவ்வளவு இருந்தாலும், அபுதாபியிலும் ரியாத்திலும் உயர்ரகச் சிப் வாங்க அமெரிக்காவின் அனுமதி தேவைப்படுகிறது. பணத்தால் பொருளை வாங்கலாம்; அறிவை அப்படி வாங்கிவிட முடியாது.

மார்க்கத்தின் அளவுகோல்

அல்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்துக்கு அல்ஹதீத், அதாவது இரும்பு என்றே பெயர். இரும்பில் கடுமையான வலிமையும் உண்டு, மக்களுக்குப் பயன்களும் உண்டு என்பதை அதன் 25ஆம் வசனம் உணர்த்துகிறது. நீதித் தராசைப் பற்றிய பேச்சும் அதே வசனத்தில்தான் வருகிறது. ஸபா அத்தியாயத்தில் தாவூத் நபிக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதும், சுலைமான் நபிக்குக் காற்று வசப்படுத்தப்பட்டதும் அருட்கொடைகளாகச் சொல்லப்படுகின்றன. கூடவே நற்செயலும் நன்றியும் கேட்கப்படுகின்றன. தொழில்நுட்பம் அமானிதம் என்பதே இதன் சாரம்.

அப்படியானால் அறிவை மறுப்பது எப்போதும் அநீதியா? ஃபிக்ஹு நூல்கள் இதை இரு பக்கமும் பார்க்கின்றன. குழப்பம் நிலவும் காலத்தில் குழப்பம் செய்வோருக்கு ஆயுதம் விற்பதை நம் இமாம்கள் கண்டித்திருக்கிறார்கள். எனவே பேரழிவு ஆயுதம் பரவுவதைத் தடுப்பதைக் குறை சொல்ல முடியாது. அதே நூல்களில் 'இஹ்திகார்', அதாவது விலையேற்றுவதற்காகப் பதுக்குவது, தடுக்கப்பட்டிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபிலும் இமாம் அபூஹனீஃபாவிடத்திலும் இது உணவுப் பொருள்களைச் சார்ந்தது. இமாம் அபூயூசுஃபோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அதுவெல்லாம் பதுக்கலே என்றார். அவரது அளவுகோலை வைத்துப் பார்த்தால், தன் ஆதிக்கத்துக்காக மட்டும் உலகத்தின் தேவையை முடக்கும் அரசு எதுவானாலும் கேள்விக்கு உள்ளாகிறது.

இந்த அளவுகோல் நம் நாட்டுக்கும் பொருந்தும். அரிய மண்ணுக்குத் தேவை கூடும்போது குமரிக் கடற்கரையில் தோண்டும் ஆசையும் கூடும். கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கடலோர மக்கள் எதிர்த்தார்கள். கதிரியக்கம், கடலரிப்பு, பிழைப்பு ஆகிய மூன்றும் அவர்களது கவலை. மலேசியாவின் குவாந்தானில் அரிய மண் ஆலை வந்தபோதும் தோரியக் கழிவை எண்ணி மக்கள் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். நாட்டின் வலிமைக்காகச் சிலர் மீது மட்டும் தீங்கைச் சுமத்துவது நீதியாகாது. அந்த மக்கள் எந்த மதத்தவர் என்று பார்க்காமல் அவர்களது நியாயத்தைப் பேசுவது நம் கடமை.

நாமே அடைத்த கதவு

இன்னொரு உண்மையையும் மனம் திறந்து பேச வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் சீனர்களின் காகிதத் தொழில் சமர்கந்துக்கும் பக்தாதுக்கும் வந்தது. நம் முன்னோர் அதைக் கற்று நூலகங்களை நிரப்பினார்கள். ஆனால் ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் பிறந்த அச்சு இயந்திரத்தில் துருக்கி மொழி நூல்களை அச்சிட, உஸ்மானியப் பேரரசில் இப்ராஹீம் முதஃபர்ரிகாவுக்கு 1727இல்தான் அனுமதி கிடைத்தது. அந்தத் தாமதத்தை எந்த எதிரியும் நம் மீது சுமத்தவில்லை. நம் கையாலேயே நாம் அடைத்த கதவு அது.

இன்று நம் வீடுகளில் அந்தக் கதவு வேறு வடிவில் இருக்கிறது. நன்றாகக் கணக்கு வரும் பிள்ளையை, சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்று குறுகிய காலப் படிப்பில் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். பெண் பிள்ளை இயற்பியல் கேட்டால், தூரம் என்கிறோம். மகேந்திரகிரி பக்கத்தில் இருந்தும், அங்கே என்ன வேலை இருக்கிறது என்று விசாரித்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

செய்யக்கூடியவை பல. பதினோராம் வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் பயந்து விடாமல் இருக்கலாம். கணினிப் படிப்பை மட்டும் எண்ணாமல் வேதியியல், உலோகவியல், பொருளறிவியல் பக்கமும் பார்க்கலாம். நாட்டுக்கு இப்போது ஆள் தேவைப்படுவது அங்கேதான். இஸ்ரோவின் வளாகங்கள் பட்டதாரிகளை மட்டுமல்ல, ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களையும் எடுக்கின்றன. அந்த அறிவிப்புகளை ஜமாஅத்தின் பலகையில் ஒட்டலாம். பைத்துல்மாலில் ஒரு பங்கை அறிவியல் மாணவருக்கும் மாணவிக்கும் ஒதுக்கலாம். மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளையிடம், தாவூத் நபியின் இரும்பையும் சுலைமான் நபியின் காற்றையும் சொல்லும் ஆலிம், முப்பந்தல் காற்றாலை எப்படிச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆரல்வாய்மொழியின் மதில் இன்று இடிந்து கிடக்கிறது. கல்லால் கட்டிய வாசல் அவ்வளவுதான் நிற்கும். பிள்ளைகளின் உள்ளத்தில் ஏறிய கல்வியை எந்தப் படையும் எந்தத் தடை உத்தரவும் கைப்பற்ற முடியாது. 23 ஆண்டுகள் மகேந்திரகிரியில் எரிந்த நெருப்பு அதற்குச் சாட்சி.

பயனுள்ள கல்வியையும், அதை நீதியோடு பயன்படுத்தும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.